சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்ப காலத்தில் எப்படி இயங்கியது? வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வேதை_இளங்கோ

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம். எங்கள் ஊரின் எழுபதுகள், எண்பதுகளைப் பற்றி ஒரு சிறு தொகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். உப்பளம், மீன்பிடி, டூரிங் டாக்கீஸ் எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். டிவி என்று வரும்போதுதான் இடிக்கிறது.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் "மொதல்ல பாத்தது சிலோன் டிவிதான் தம்பி" என்கிறார்கள். மெட்ராஸ் பல வருஷம் கழித்துத்தான் வந்ததாம். நம் மாநிலத்திலேயே ஒரு நிலையம் இருக்கும்போது கடல் தாண்டி வந்த படத்தை எப்படிப் பார்த்தார்கள்?

இன்னொன்று, சென்னை நிலையத்தின் உள்ளே அந்த நாளில் வேலை எப்படி நடந்தது என்று விவரமாக யாரும் எழுதிப் படித்ததில்லை. "ஒளியும் ஒலியும்", ஞாயிறு சினிமா, ஷோபனா ரவி செய்தி வாசித்தது என்று பார்த்தவர்களின் ஞாபகங்கள் நிறையக் கிடைக்கின்றன. செய்தவர்கள் சொன்னது கிடைக்கவில்லை. 1975 முதல் 1982 வரையிலான பழைய நிகழ்ச்சிகளைத் தேடினால் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது? தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

தூரிகை_சேப்பாக்கம்

இளங்கோ, இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது. நான் ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு மவுண்ட் ரோடு சினிமா பேனர்களுக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தவன். எழுபதுகளின் கடைசியில் சுவாமி சிவானந்தா சாலை நிலையத்துக்கு கேஷுவல் ஆர்ட்டிஸ்டாகப் போக ஆரம்பித்தேன். என் வேலை கேப்ஷன் எழுதுவது. நிகழ்ச்சியின் பெயர், நடிகர்கள் பெயர், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" எல்லாம். நான் சொல்வது ஸ்டூடியோ தரையில் நின்று பார்த்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டில்லியில் 1959லேயே சோதனை ஒளிபரப்பு வந்துவிட்டது. பம்பாய்க்கு 1972, கல்கத்தாவுக்கு 1975 ஆகஸ்ட் 9. ஆறே நாள் கழித்து மெட்ராஸ். எமர்ஜென்சி அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். தூர்தர்ஷன் என்று தனி அமைப்பு அப்போது கிடையாது. 1976ல்தான் டிவியை அகில இந்திய வானொலியிலிருந்து பிரித்தார்கள். அதனால் ஆரம்பத்தில் நிகழ்ச்சி செய்தவர்களில் பலர் வானொலியில் பழகியவர்கள். உச்சரிப்பு, நேரக் கணக்கு, ஸ்கிரிப்ட் இந்த மூன்றிலும் அவர்களிடம் இருந்த கண்டிப்பு நிலையத்துக்கே வந்துவிட்டது. ஒரு ல, ள, ழ பிசகினால் ரிகர்சலிலேயே நிறுத்திவிடுவார்கள். இன்றைக்கு அந்தக் கால செய்தி வாசிப்பைப் பற்றி எல்லோரும் உருகிப் பேசுகிறார்களே, அதன் வேர் வானொலியில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரம் மட்டும். கறுப்பு வெள்ளை. "வயலும் வாழ்வும்", செய்தி, செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்", ஞாயிறு மாலை சினிமா, நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் "எதிரொலி". இந்த வரிசை தமிழ்நாட்டின் வாரத்தையே மாற்றி அமைத்தது. 1982 ஆகஸ்ட் 15ல் டில்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பும் கலரும் சேர்ந்து வந்தன. அதன்பிறகு ராத்திரி எட்டே முக்கால் சுமாருக்கு டில்லி எடுத்துக்கொள்ளும். எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். ஒரு நாடகம் இரண்டு நிமிடம் நீண்டாலும் தயாரிப்பாளர் முகம் வெளிறிவிடும். கலர் வந்த சந்தோஷத்தில் பலர் இதை மறந்துவிட்டார்கள். ராத்திரியில் எல்லோரும் வீட்டில் உட்காரும் நல்ல நேரம் அன்றோடு நம் கையை விட்டுப் போனது. எனக்கு அது இன்றும் ஆறாத விஷயம்.

இனி என் தொழில். கம்ப்யூட்டர் எழுத்து வருவதற்கு முன்னால் திரையில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு தமிழ் எழுத்தும் யாரோ ஒருவர் பிரஷ்ஷால் எழுதியதுதான். கறுப்பு அட்டை, அகலம் நாலு என்றால் உயரம் மூன்று என்ற கணக்கு. வீட்டுப் பெட்டிகளின் திரை அப்போது ஓரத்தில் வளைந்திருக்கும், அதனால் நாலு பக்கமும் நன்றாக இடம் விட்டுத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் "கிருஷ்ணமூர்த்தி" என்று எழுதியது பார்ப்பவர்களுக்கு "ருஷ்ணமூர்த்" என்று தெரியும். வெள்ளை போஸ்டர் கலரில் ஒரு சொட்டுக் கறுப்பைக் கலந்துகொள்வோம். பளிச்சென்று வெள்ளையை வைத்தால் கேமராக் குழாய் தாங்காது, எழுத்து ஓரம் வழிந்து பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு மேல் தமிழுக்கென்று ஒரு சங்கடம் இருந்தது. டிவிப் படம் 625 கோடுகளால் ஆனது. ஒற்றைக் கோடுகள் ஒரு முறை, இரட்டைக் கோடுகள் ஒரு முறை என்று மாறி மாறி வரும். படுக்கையாக மெல்லிசுக் கோடு இழுத்தால் அது திரையில் துடித்துக்கொண்டே இருக்கும். ப, ம, ட, ய எல்லாவற்றுக்கும் அடியில் படுக்கைக் கோடு இருக்கிறது, பாருங்கள். பேனரில் பழகிய கை அந்தக் கோட்டை மெலிசாக முடிக்கத்தான் விரும்பும். இங்கே அதைத்தான் தடிமனாக்க வேண்டும். மெய்யெழுத்துப் புள்ளியும் அப்படித்தான். இயல்பான அளவில் வைத்தால் வீட்டுத் திரையில் காணாமலே போய்விடும், ஆகவே கண்ணுக்குக் கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும் அளவுக்குப் பெரிய புள்ளி வைப்போம். மானிட்டரில் பார்த்தால் சரியாக இருக்கும். 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது இன்னொரு மாற்றம். பழைய லை, னை எல்லாம் துதிக்கை மாதிரி வளைந்து ஒரே எழுத்தின் அகலத்தில் அடங்கிவிடும். புது எழுத்தில் இடம் கூடுதலாக வேண்டும். நீளமான தலைப்புகளை இரண்டு வரியாக உடைக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

எழுதிய அட்டைகளை இரண்டு ஸ்டாண்டுகளில் அடுக்கி வைப்போம். ஒன்றாம் கேமரா ஒரு ஸ்டாண்டைப் பார்க்கும், இரண்டாம் கேமரா அடுத்ததை. மேலே கண்ட்ரோல் ரூமில் விஷன் மிக்ஸர், அதாவது எந்தக் கேமராப் படம் போக வேண்டும் என்று மாற்றுபவர், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய அந்த நொடியில் இங்கே முன் அட்டையை உருவ வேண்டும். சத்தம் வரக்கூடாது, மைக் பிடித்துவிடும். நடிகர்கள் பட்டியல் கீழிருந்து மேலே ஓட வேண்டுமானால் நீளக் காகிதத்தில் எழுதி உருளையில் சுற்றிக் கையால் திருப்புவோம். சீராகத் திருப்புவதற்கென்றே ஒருவர் இருந்தார். அவர் லீவு போட்டால் எல்லோருக்கும் கவலைதான்.

கறுப்பு வெள்ளை நாளில் நிறம் என்றால் சாம்பலின் அளவுதான். சிவப்புப் புடவைக்குப் பின்னால் பச்சைத் திரை நேரில் அருமையாக இருக்கும். திரையில் இரண்டும் ஒரே சாம்பலாகி, தலையும் கையும் மட்டும் தனியாக மிதக்கும். ஆகவே செட் போடும்போதே கேமரா வழியாகப் பார்த்துத்தான் நிறத்தை முடிவு செய்வார்கள்.

பழைய நிகழ்ச்சிகள் ஏன் கிடைப்பதில்லை என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன், இப்போதே நீண்டுவிட்டது. சிலோன் டிவி விஷயத்துக்கு ஆன்டெனாக்காரர்கள் யாராவது வரட்டும்.

யாழ்_தேன்மொழி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். இளங்கோவின் ஊர்க்காரர் எங்கட ரூபவாகினியைப் பார்த்திருக்கிறார்கள் என்று வாசிக்க உண்மையில் சந்தோஷமாக இருக்கிறது. ஏனென்றால் அதே காலத்தில் நாங்கள் வீட்டில் பார்த்தது உங்கட தூர்தர்ஷன்!

இலங்கையில் முதலில் வந்தது ஐ.ரி.என், 1979 ஏப்ரலில். ரூபவாகினி ஜப்பான் உதவியோடு 1982 பெப்ரவரி 15 தொடங்கியது. அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். அதனால் அப்பா வீட்டுக் கூரையைவிட உயரமான குழாயில் அன்ரனா கட்டி அதை இந்தியப் பக்கம் திருப்பி வைத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அயலட்டைச் சனம் முழுக்க எங்கட விறாந்தையில்தான். பெரியவர்களுக்குக் கதிரை, பிள்ளைகளுக்குப் பாய். எல்லா நாளும் படம் வராது. வெக்கையான, காற்றில்லாத நாட்களில்தான் துப்புரவாக வரும். "இண்டைக்கு இந்தியா நல்லா இழுக்குது" என்று ஒழுங்கையால் போகிறவர் சொல்லிக்கொண்டு போவார். மழைக்காலத்தில் வெறும் புள்ளிதான், சத்தம் மட்டும் விட்டு விட்டு வரும். அம்மா அந்தச் சத்தத்தை வைத்தே எந்தப் பாட்டு என்று கண்டுபிடிப்பா.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினபின் கரண்ட் போய்விட்டது. அதோடு எங்கட வீட்டுத் தொலைக்காட்சியும் முடிந்தது. தூரிகை ஐயா, நீங்கள் எழுதின எழுத்துகளைப் புள்ளிகளுக்கு நடுவில் தேடித் தேடி வாசித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. நீங்கள் பெரிசாக வைத்த அந்தக் குற்று எங்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்று இப்பத்தான் விளங்குது.

தூத்துக்குடி_பூஸ்டர்

அண்ணாச்சி எல்லாருக்கும் வணக்கம். நான் டிவி மெக்கானிக். ஆன்டெனா மாட்டியே பிழைத்தவன், அதனால் இளங்கோ கேட்டதற்கு நான் சொல்லலாம்.

டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருப்பதால் அனுப்பும் இடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான் எட்டும். சென்னை டவர் கடலோரச் சமதரையில் நிற்கிறது. அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு மேல் கஷ்டம். காஞ்சிபுரம் வரை சுமாராக வரும், அதற்கப்பால் உயரமான குழாயும், அலையைப் பெருக்கும் பூஸ்டரும் வேண்டும். வேதாரண்யம் சென்னையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். வாய்ப்பே இல்லை.

இப்போது எதிர்க்கரையைப் பாருங்கள். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் கொக்காவில் என்று ஓர் இடம். ரூபவாகினிக்கு அங்கே டிரான்ஸ்மிட்டர் இருந்தது. வேதாரண்யத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர்தான், அதில் ஏறக்குறைய பாதி கடல். கடல்மேல் கோடைக்காலத்தில் கீழே ஈரக்காற்றும் மேலே வறண்ட காற்றும் அடுக்காக நிற்கும். அலை அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு பூமியின் வளைவைத் தாண்டியும் ஓடிவிடும். யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன வெக்கை நாள் கணக்கும் இதுதான். உங்கள் பெரியவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கொக்காவில் டவர் 1990ல் போரில் அழிந்தது, 2011ல்தான் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். 1990க்கு அப்புறம் உங்கள் ஊரில் ரூபவாகினி மங்கிப்போனதா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கம் கதை வேறு. 1983ல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் மேலே போனபிறகு, 1984ல் நாடு முழுக்க ஊர் ஊராகச் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். பெருமையாக இருந்தது, ஆனால் அவற்றில் பெரும்பாலும் செயற்கைக்கோளில் வந்த டில்லி நிகழ்ச்சிதான். மெட்ராஸ் தமிழ் நிகழ்ச்சி தென்மாவட்டத்துக்கு ஒழுங்காக வந்தது கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வந்தபிறகு. 2000 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் கணக்குப்படி 190 கிலோமீட்டர் பார்க்கும். தூத்துக்குடி வரை சொல்லி அடித்தது. அப்போது எங்கள் ஊரில் ஒரே குழாயில் இரண்டு ஆன்டெனா கட்டுவோம். ஒன்று வடமேற்கே கொடைக்கானலுக்கு, ஒன்று கிழக்கே சிலோனுக்கு. கீழே ஒரு சுவிட்ச். உப்புக் காற்றில் ரிப்பன் ஒயர் மாட்டும் நட்டு பச்சை பூத்துவிடும், படம் மங்கலாகும். ஏறிச் சுரண்டிவிட்டு கிரீஸ் தடவினால் பழையபடி பளிச். கடலோர வேலையில் பாதி இதுதான்.

இளங்கோ, ஊரில் முதல் டிவி எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அப்போது டிவிக்கு லைசென்ஸ் உண்டு, தபால் ஆபீஸில் வருஷத்துக்கு 50 ரூபாய் கட்டணும். எண்பதுகளின் நடுவில் எடுத்துவிட்டார்கள். அந்தச் சின்னப் புத்தகத்தில் தபால் முத்திரை தேதியோடு இருக்கும். பழைய டயனோரா, சாலிடேர் வைத்திருந்த வீடுகளில் பத்திரக் கட்டுக்குள் தேடச் சொல்லுங்கள். மனிதர்கள் ஞாபகம் முன்னே பின்னே ஆகும், முத்திரை ஆகாது.

வேதை_இளங்கோ

மூன்று பேருக்கும் நன்றி சொல்லி மாளாது. கொக்காவில் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். லைசென்ஸ் புத்தகம் பற்றி மேலவீதியில் இரண்டு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். தூரிகை ஐயா, பழைய நிகழ்ச்சிகள் ஏன் கிடைப்பதில்லை என்று எழுதுகிறேன் என்றீர்களே, காத்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் எழுதியதில் ஏதாவது கையில் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

தூரிகை_சேப்பாக்கம்

தேன்மொழி, உன் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வாசிக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் புள்ளியை இன்னும் பெரிதாகவே வைத்திருப்பேன்.

இனி பழைய நிகழ்ச்சிகள் ஏன் கிடைப்பதில்லை என்ற விஷயம். அந்தக் கால நிகழ்ச்சிகளில் கணிசமானவை நேரலை. ஸ்டூடியோவில் பேசினார்கள், வீட்டில் பார்த்தார்கள், முடிந்தது. பதிவு என்றே ஒன்று இருக்காது. பதிவு செய்த நிகழ்ச்சிக்கும் டேப் இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்தால் அதே டேப்பில் அடுத்ததைப் பதிவார்கள். உலகம் முழுக்க அப்போது இதுதான் வழக்கம், பிபிசியிலேயே எழுபதுகள் வரை ஏராளமான நிகழ்ச்சிகளை இப்படி அழித்திருக்கிறார்கள். செய்திப் படங்கள் 16 எம்எம் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. டேப்பைவிட ஃபிலிமுக்கு ஆயுள் அதிகம், ஆனால் நம் கடலோர ஈரத்தில் குளிர்சாதன அறை இல்லாமல் வைத்தால் புளித்த வாடை அடிக்க ஆரம்பித்து, சுருங்கி, உடைந்துபோகும்.

எண்ணிப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நாடகங்களை எடிட் செய்ய வசதி போதாது. பாதியில் ஒருவர் வசனம் தவறினால் காட்சியின் ஆரம்பத்துக்கே போக வேண்டும். அதனால் மேடை நாடகக்காரர்கள் ஒரு காட்சியை மூச்சு விடாமல் நடித்து முடிப்பார்கள். விளக்குச் சூட்டில் மேக்கப் உருகும், ஏசி குளிரில் பாட்டுக்காரர்களுக்குத் தொண்டை கட்டும். அப்படி நடித்த பலரின் முகம் வேறெங்கும் பதிவாகவில்லை. 1993 ஏப்ரல் 14ல் சன் டிவி வந்தபிறகு எல்லோர் பேச்சும் அந்தப் பக்கம் போய்விட்டது. நிலையம் பிற்பாடு பொதிகை என்று அறியப்பட்டது, 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ். டிரான்ஸ்மிட்டர்களும் சில வருஷங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டுவிட்டன, ஆன்டெனா வைத்து அந்தப் பழைய அலையை இனிப் பிடிக்க முடியாது.

தேட வேண்டிய இடம் பழைய தினசரிகள். அன்றன்றைய டிவி நிகழ்ச்சி நிரல் உள்பக்கத்தில் சின்னதாக வரும். கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து தேடினால் எந்தச் செவ்வாய்க்கிழமை எந்த நாடகம் என்று ஒரு பட்டியலே எடுத்துவிடலாம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் வாரப் பத்திரிகைகள் நிறைய உண்டு, டிவி விமர்சனங்களை அங்கே பாருங்கள். முக்கியமாக, மேக்கப், செட், லைட்டிங் ஆட்களில் இருப்பவர்களிடம் இப்போதே பேசிப் பதிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்தவர்களிடம் நான் சொல்லி வைக்கிறேன், நீங்கள் சென்னை வரும்போது தகவல் கொடுங்கள்.

என் கையில் சில கேப்ஷன் அட்டைகள் இருக்கின்றன. வேண்டாம் என்று ஒதுக்கியதை அப்போதே கேட்டு வாங்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி வருவாள், அவளிடம் போட்டோ எடுக்கச் சொல்லி இங்கே போடுகிறேன். அட்டைத் தட்டுப்பாட்டில் நாங்கள் இரண்டு பக்கமும் எழுதுவோம், அதனால் பின்பக்கத்தையும் சேர்த்தே எடுக்கச் சொல்கிறேன்.